ஏபிஐ (நிரல் வழியே ஒரு தளத்திடம் தரவு கேட்டு வாங்கும் வழி) ஆவணங்களைப் படித்தால் தலை சுற்றுகிறது. தரவை எடுத்து வரைபடமாக்கிப் பழக எங்கே தொடங்கலாம், எந்தக் கருவிகளைக் கொண்டு வரையலாம்?

யுஎஸ்ஜிஎஸ் எனப்படும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் நிலநடுக்க ஏபிஐயில் தொடங்குங்கள். பதிவு வேண்டாம், ஏபிஐ கீ எனும் அனுமதிச் சாவி வேண்டாம், காசும் வேண்டாம். முகவரியை உலாவியில் தட்டினாலே தரவு வந்து நிற்கும். பங்குச்சந்தை, வானிலை என்று பலர் பரிந்துரைப்பார்கள். அவற்றில் பலவற்றில் கணக்குத் தொடங்குவதற்குள் பாதி ஆர்வம் வடிந்துவிடும்.

ஆவணத்தைக் கதைப்புத்தகம் போல முதல் வரியிலிருந்து படிக்காதீர்கள். நேராக அளவுருக்களின் (கேள்வியோடு நாம் கொடுக்கும் நிபந்தனைகளின்) அட்டவணைக்குப் போய், நாம் எதுவும் கொடுக்காவிட்டால் அது எதை எடுத்துக்கொள்ளும் என்பதை மட்டும் முதலில் பாருங்கள். தொடக்கத் தேதி கொடுக்காவிட்டால் கடைசி 30 நாள் தரவுதான் வரும். கோப்பு வடிவம் சொல்லாவிட்டால் குவேக்எம்எல் என்ற நிலநடுக்கத் தரவு வடிவம் வரும். உங்களுக்கு வேண்டியதோ ஜியோஜேசன் (வரைபடத் தரவு வடிவம்) அல்லது சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை). ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 20,000 நிகழ்வுகள், மிஞ்சினால் 400 என்ற பிழை எண்தான் பதில். நேரமெல்லாம் உலகப் பொது நேரம். 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கம் அதில் 00:58 என்று இருக்கும். இந்திய நேரப்படி அது காலை 6:28. நம் நள்ளிரவு முதல் விடியற்காலை ஐந்தரை வரை நடந்தவை முந்தைய நாள் கணக்கில் விழும்.

அடுத்து அலகுகள். ஜியோஜேசனில் நேரம் 1970 தொடக்கத்திலிருந்து மில்லிவினாடிகளில் எண்ணப்படுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி அதை அப்படியே ஏற்கும். பைத்தான் வினாடி என்று எடுத்துக்கொண்டு, ஐம்பதாயிரத்துச் சொச்சமாவது ஆண்டைச் சொல்லிப் பிழை காட்டும். இடக்குறிப்பில் முதலில் தீர்க்கரேகை, பிறகு அட்சரேகை, மூன்றாவதாக ஆழம். ஆனால் இணைய வரைபட நிரலகமான லீஃப்லெட்டில் குறியை நீங்களே வைத்தால் அது அட்சரேகையை முதலில் கேட்கும். வரிசை மாறினால் சென்னை ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டு தீவுகளின் வடகரை அருகே போய் விழும். டோக்கியோவுக்கு இடமே கிடையாது. 139 டிகிரி அட்சரேகை என்று உலகில் ஒன்று இல்லையே!

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் படம் பொய் சொல்லக்கூடும். எல்லா அளவு (வலிமை) நிலநடுக்கங்களையும் புள்ளிகளாக வைத்தால் கலிபோர்னியாவும் அலாஸ்காவும் புள்ளிகளால் நிரம்பி வழியும். இந்தோனேசியா ஏறக்குறைய அமைதியாகத் தெரியும். அமெரிக்காவுக்குள் நிலநடுக்கமானிகள் நெருக்கமாக இருப்பதால் ஒன்று, ஒன்றரை அளவுகூடப் பதிவாகிறது. பிற நாடுகளில் பெரும்பாலும் 4.5-க்கு மேற்பட்டவையே இந்தப் பட்டியலில் ஏறுகின்றன. அதாவது, நீங்கள் வரைந்திருப்பது பெருமளவுக்குக் கருவிகளின் வரைபடம். குறைந்தபட்ச அளவை 4.5 என்று வைத்து மீண்டும் கேளுங்கள். பசிபிக்கைச் சுற்றிய நெருப்பு வளையம் என்ற நிலநடுக்கப் பட்டை பளிச்சென்று தெரியும். படம் இப்படி ஏமாற்றும் என்று எந்த வரைபட மென்பொருளும் உங்களை எச்சரிக்காது. சின்ன அளவுகளில் கல்குவாரி வெடிகள்கூடக் கலந்து வரும், நிகழ்வின் வகையைப் பார்த்து நீக்க வேண்டும்.

வரையும் கருவிகளையும் கேட்டிருக்கிறீர்கள். டி3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகத்தை இப்போது தொடாதீர்கள். எதையும் வரையலாம், உண்மைதான். ஆனால் அச்சுக்கோடு வரை எல்லாவற்றையும் நீங்களே சொல்ல வேண்டும். சிஎஸ்வியை எக்ஸெலில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு படம் வரைவதை எளிதாக்கும் டேட்டாராப்பருக்கோ வேகா-லைட்டுக்கோ போங்கள். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளுக்கு ஜியோஜேசன் முகவரியையே கொடுத்துவிடலாம், நிரல் எழுத வேண்டியதில்லை.

வட்டத்தின் பரப்பை எதற்கு ஏற்ப வைப்பது என்று கட்டாயம் குழம்புவீர்கள். நிலநடுக்க அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடுகிறது. ஆற்றலுக்கு ஏற்ப வரைந்தால் ஒரே நிலநடுக்கம் திரையை மூடிவிடும். நான் எல்லா வட்டங்களையும் சிறிதாக, ஒரே அளவில் வைத்து, ஆழத்தை நிறத்தில் காட்டுவேன். அப்போது தென்பசிபிக்கின் டோங்கா தீவுகள் பக்கம் கிழக்கிலிருந்து மேற்கே போகப்போக நிறம் மாறி, பசிபிக் கடலடிப் புவித்தட்டு 600 கிலோமீட்டர் ஆழம் வரை சரிந்து இறங்குவது தெரியும்.