கரண்ட் பில், கேஸ் பில், எந்தப் பிளான் நமக்கு லாபம்? வாசகர் கேள்வி - பதில்

கரண்ட் கம்பெனியையும் கேஸ் கம்பெனியையும் நாமளே தேர்ந்தெடுத்துக்கலாம்னு இருக்கிற நாடுகள்ல வாழுற வாசகர்கள், பிளான் மாத்துறது பத்தி சந்தேகம் இருந்தா எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்து குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து, பொதுவா எல்லாருக்கும் உதவுறதை மட்டும் எடுத்திருக்கேன். உதாரணக் கணக்குல வர்ற "காசு" எந்த நாட்டுக் காசும் இல்ல, சும்மா கணக்குக்கு.

கேள்வி: ஒரு கம்பெனி 25 சதவீதம் டிஸ்கவுண்ட்னு சொல்லுது. என் தங்கச்சி டிஸ்கவுண்டே இல்லாத பிளானை எடுத்துட்டு அதுதான் கம்மின்னு அடிச்சு சொல்றா. யார் சொல்றது சரிங்க?

தங்கச்சி பேச்சைக் கேளுங்க. 25 சதவீதம் எதுல இருந்துன்னு கேட்டீங்களா? ஒரு யூனிட் 40 காசுன்னு ஏத்தி வெச்சுட்டு 25 சதவீதம் குறைச்சா 30 காசு, பக்கத்து கம்பெனி டிஸ்கவுண்ட் பேச்சே எடுக்காம 28 காசுக்கு குடுக்குது, இதுல எது கம்மி? இதோட முடியல, அந்த டிஸ்கவுண்ட் நிறைய பிளான்ல யூனிட் ரேட்டுக்கு மட்டும்தான், உபயோகிச்சாலும் இல்லைன்னாலும் நாள் கணக்குல ஏறுற நிலைக் கட்டணத்துக்குக் கிடையாது. தேதிக்குள்ள கட்டினாத்தான்னு ஒரு கண்டிஷன் வேற பொடி எழுத்துல இருக்கும். ஒரு தடவை ரெண்டு நாள் லேட்டா கட்டுனா அந்த பில்லுக்கு டிஸ்கவுண்ட் போச்சு.

அதனால சதவீதத்தைப் பார்க்கவே பார்க்காதீங்க. எல்லாம் கழிச்ச பிறகு யூனிட் எவ்வளவு, ஒரு நாளைக்கு நிலைக் கட்டணம் எவ்வளவு, வரி சேர்த்தா சேர்க்காமலா, இதை மட்டும் கேளுங்க. ஒரு விலையில வரி சேர்த்தும் இன்னொரு விலையில சேர்க்காமலும் போட்டிருந்தா ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கறதுல அர்த்தமே இல்ல.

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான், பகல்ல வீடு பூட்டியே கிடக்கும். என் அக்கா வீட்ல ஆறு பேர். அக்கா எடுத்த பிளான் அவங்களுக்கு நல்லா மிச்சமாகுதுன்னு நாங்களும் அதையே எடுத்தோம், எங்களுக்கு பில் கூடிடுச்சு. மீட்டர் தப்பா?

மீட்டர் மேல பழி போடாதீங்கம்மா. இந்தத் தடவை வந்ததுலயே எனக்குப் பிடிச்ச கேள்வி இதுதான், ஏன்னா முக்கால்வாசி பேர் மாட்டுற இடம் இது.

எந்த பில்லா இருந்தாலும் ரெண்டு துண்டு இருக்கும். ஒண்ணு, சுவிட்சே போடலைன்னாலும் தினம் ஏறுற நிலைக் கட்டணம். இன்னொண்ணு, செலவான யூனிட்டுக்கு காசு. யூனிட்டுன்னா ஒரு கிலோவாட் மணி, அதாவது 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். இப்போ அக்கா பிளான்ல நிலைக் கட்டணம் நாளைக்கு 100 காசு, யூனிட் 25 காசுன்னு வைங்க. இன்னொரு பிளான்ல நாளைக்கு 60, யூனிட் 30. அக்கா வீட்ல நாளைக்கு 15 யூனிட் ஓடுதுன்னா முதல் பிளான்ல 475 காசு, ரெண்டாவதுல 510. அவங்களுக்கு முதல் பிளான்தான் லாபம். உங்க வீட்ல நாளைக்கு 5 யூனிட்தான்னா முதல் பிளான்ல 225, ரெண்டாவதுல 210. அப்படியே தலைகீழ்!

எங்க மாறுதுன்னு கண்டுபிடிக்க பெரிய கணக்கெல்லாம் வேணாம், நிலைக் கட்டண வித்தியாசத்தை யூனிட் ரேட் வித்தியாசத்தால வகுத்துடுங்க. 40 வகுத்தல் 5, எட்டு யூனிட். நாளைக்கு எட்டுக்கு மேல ஓடுற வீடு முதல் பிளான், எட்டுக்குக் கீழ ஓடுற வீடு ரெண்டாவது பிளான். அக்கா எடுத்தா, ஆபீஸ்ல எல்லாரும் எடுத்தாங்கன்னு எடுக்காதீங்க, உங்க வீட்டு யூனிட் எவ்வளவுன்னு பழைய பில்லை எடுத்துப் பாருங்க. அதுவும் ஒரு மாச பில் பத்தாது, ஒரு வருஷத்து மொத்த யூனிட் வேணும், குளிர் மாசத்துக்கும் வெயில் மாசத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். கம்பெனி ஆப்ல "வருஷ உபயோகம்"னு ஒரு வரி இருக்கும், இல்லைன்னா கஸ்டமர் கேர்ல கேட்டா சொல்லுவாங்க.

கேள்வி: ராத்திரி ரேட் கம்மின்னு சொல்ற பிளானுக்கு மாறலாமா? வாஷிங் மெஷினை ராத்திரி போட்டா போதும்தானே?

போதாது தம்பி. ராத்திரி ரேட் இறங்குற பிளான்ல பகல் ரேட் ஏறும், அதை விளம்பரத்துல பெருசா போட மாட்டாங்க. சாதா பிளான்ல எல்லா நேரமும் 30 காசு, இந்தப் பிளான்ல பகல்ல 42, ராத்திரி ஏழு மணி நேரம் 16ன்னு எடுத்துக்குவோம். உங்க மொத்த யூனிட்ல 46 சதவீதமாவது அந்த ஏழு மணி நேரத்துக்குள்ள ஓடினாத்தான் ரெண்டும் சமமாவே ஆகும், அதுக்கு மேல போனாத்தான் லாபம். எதையும் மாத்தாம ஒரே சீரா இருபத்திநாலு மணி நேரமும் ஓடுற சாமான், ஃப்ரிட்ஜ் மாதிரி, அதுல 29 சதவீதம் தானா அந்த நேரத்துல விழும். மீதியை நீங்கதான் தள்ளணும், ஒரு வாஷிங் மெஷின் ஒரு தடவை ஓடினா ஒரு யூனிட் சுத்திதான், அதை வெச்சு 46க்கு எங்க போறது.

யாருக்கு லாபம்னா, வீட்லயே எலக்ட்ரிக் கார் சார்ஜ் போடுறவங்களுக்கு. 7 கிலோவாட் சார்ஜர் ஆறு மணி நேரம் ஓடினா 42 யூனிட், அது ஒண்ணே கணக்கைப் புரட்டிப் போட்டுடும். அப்புறம் பெரிய தண்ணி டேங்கை ராத்திரி சூடு பண்ணி வெச்சுக்கிற வீடுகளுக்கு. 100 லிட்டர் தண்ணியை 20 டிகிரியில இருந்து 55 டிகிரிக்கு ஏத்த சுமாரா நாலு யூனிட் ஆகும், அது தினம் ராத்திரிக்குப் போனா கொஞ்சம் கணக்குக்கு வரும். இன்னொரு விஷயம், துணி காய வைக்கிற டிரையரை எல்லாரும் தூங்குற நேரத்துல ஓட விடாதீங்க, தீ விபத்து பயம் இருக்குன்னு தீயணைப்புத் துறைகளே எச்சரிக்கிற விஷயம் அது, நாலு காசுக்காக வேணாம்.

கேள்வி: கேஸ் பில்லைப் பார்த்தா தலை சுத்துது. மீட்டர்ல கன மீட்டர்னு இருக்கு, பில்லுல வேற ஏதோ யூனிட். நான் படிச்ச இஞ்சினியரிங் எல்லாம் வீணா?

இல்ல சார், வீணாகல. கேஸ் மீட்டர் அளக்குறது எவ்வளவு கேஸ் உள்ள வந்துச்சுங்கிற கொள்ளளவைத்தான், ஆனா நமக்கு விக்கிறது அதுல இருக்கிற வெப்பத்தை. அதனால கொள்ளளவை வெப்பமா மாத்திப் பில் போடுறாங்க. பிரிட்டன்ல கிலோவாட் மணியில வரும், ஆஸ்திரேலியாவுல மெகாஜூல்ல வரும். 3.6 மெகாஜூல் ஒரு கிலோவாட் மணி. பைப்ல வர்ற இயற்கை எரிவாயு ஒரு கன மீட்டருக்கு சுமாரா 11 கிலோவாட் மணி, கேஸோட தரத்தைப் பொறுத்து முன்ன பின்ன இருக்கும். பில்லுல இருக்கிற கிலோவாட் மணியை (மெகாஜூல்னா முதல்ல 3.6ஆல வகுத்துட்டு) செலவான கன மீட்டரால வகுத்துப் பாருங்க, 11 பக்கத்துல வந்தா நிம்மதியா இருங்க.

வரலைன்னா? அங்கதான் ஒரு சுவாரசியம். பிரிட்டன்ல பழைய மீட்டர்கள் கன அடியில அளக்கும், புதுசு கன மீட்டர்ல. 100 கன அடிங்கிறது 2.83 கன மீட்டர். உங்க மீட்டர் புது மாடலா இருந்து கம்பெனி ரெக்கார்டுல பழைய மாடல்னு பதிஞ்சிருந்தா பில் கிட்டத்தட்ட மூணு மடங்கு வரும், அப்போ எந்தப் பிளானுக்கு மாறினாலும் உருப்படாது. மீட்டர் முகப்புல எம்3ன்னு போட்டிருக்கா, எஃப்டி3ன்னு போட்டிருக்கான்னு ஒரு தடவை பார்த்துட்டு பில்லோட ஒப்பிடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

கேள்வி: கேஸ் அடுப்புக்கு மட்டும்தான், ஹீட்டர் எல்லாம் கரண்ட்ல. கேஸ் கனெக்‌ஷனையே எடுத்துடலாமா? அம்மா வேணாங்கிறாங்க.

அம்மா ஏன் வேணாங்கிறாங்கன்னு நீங்க எழுதல, கரண்ட் போனா சமையல் என்ன ஆகும்னு யோசிச்சிருப்பாங்க, அது நியாயமான பயம்தான். காசை மட்டும் பார்த்தா, அடுப்புக்கு மட்டும் கேஸ் வெச்சிருக்கிற வீட்ல கேஸ் பில்லுல பெரிய பங்கு நிலைக் கட்டணம்தான், எரிச்ச கேஸுக்குக் கட்டுறது அதைவிடக் கம்மியா இருக்கும். உங்க பில்லை எடுத்து 365 நாள் நிலைக் கட்டணத்தைத் தனியா கூட்டிப் பாருங்க. அப்புறம் கேஸ் அடுப்புல எரியுற சூட்டுல பாதிக்கு மேல பாத்திரத்துல ஏறாம பக்கவாட்டுல போயிடும், இண்டக்‌ஷன் அடுப்புல 80 சதவீதத்துக்கு மேல பாத்திரத்துக்கே போகும். அதனால கரண்ட் யூனிட் கேஸ் யூனிட்டை விட ரெண்டு மடங்கு விலைன்னாலும் அடுப்புச் செலவு ஏறக்குறைய சமம்தான், மிச்சமாகுறது நிலைக் கட்டணம். ஆனா கனெக்‌ஷனை நிறுத்த ஒரு சார்ஜ், மீட்டரை எடுக்க ஒரு சார்ஜ்னு வரலாம், முதல்ல அது எவ்வளவுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. அம்மாகிட்டயும் பேசி முடிவு பண்ணுங்க.

வீட்டைச் சூடு பண்ணவே கேஸ் பாய்லர் வெச்சிருக்கிறவங்களுக்கு கணக்கு வேற. வெளியில இருக்கிற சூட்டை இழுத்து வீட்டுக்குள்ள தள்ளுற ஹீட் பம்ப் மெஷின் ஒரு யூனிட் கரண்ட்டுக்கு சுமாரா மூணு யூனிட் சூடு குடுக்கும், நல்ல கேஸ் பாய்லர் ஒரு யூனிட் கேஸுக்கு 0.9. கரண்ட் விலை கேஸ் விலையை விட 3.3 மடங்குக்குள்ள இருந்தா ஹீட் பம்ப் ஓட்டுற செலவு கம்மி, அதுக்கு மேல போனா கேஸ்தான் கம்மி. சாதா கரண்ட் ஹீட்டரை வெச்சு இந்தக் கணக்கைப் போட்டுடாதீங்க, அது ஒண்ணுக்கு ஒண்ணுதான்.

கேள்வி: ஃபிக்ஸடா, மாறுற ரேட்டா? அண்ணன் மார்க்கெட் ரேட் பிளான் எடுக்கச் சொல்றான், ரொம்ப சீப்பாம்.

சீப்பா இருக்கிற வரைக்கும் சீப்தான். அமெரிக்காவுல டெக்சாஸ்ல 2021 பிப்ரவரியில கடும் பனிப்புயல் வந்தப்போ கம்பெனிகள் கரண்ட் வாங்குற மொத்த விலை மார்க்கெட்ல ஒரு யூனிட் 9 டாலர் வரைக்கும் போய் அங்கேயே நின்னுச்சு, அந்த மொத்த விலையை அப்படியே வீட்டுக்குத் தள்ளுற பிளான்ல இருந்தவங்களுக்கு சில நாள்லயே ஆயிரக்கணக்கான டாலர் பில். அண்ணன் வீட்ல பேட்டரி, சோலார்னு எதாவது இருந்து, தினம் விலையைப் பார்த்து சுவிட்ச் போடுற ஆளா இருந்தா அவருக்கு அது சரி. சம்பளம் வந்து பில் கட்டி மாசத்தை ஓட்டுற குடும்பத்துக்கு நான் ஃபிக்ஸட்னுதான் சொல்லுவேன்.

ஆனா ஃபிக்ஸட்னா ரேட்தான் ஃபிக்ஸட், பில் இல்ல. யூனிட் கூடினா பில் கூடும். எக்ஸிட் ஃபீ, அதாவது பிளானை நடுவுல விட்டுப் போனா வாங்குற காசு, எவ்வளவுன்னு பாருங்க, நடுவுல வேற நல்ல பிளான் வந்தா, மாசம் எவ்வளவு மிச்சமாகும், இன்னும் எத்தனை மாசம் பாக்கி, ரெண்டையும் பெருக்குனா எக்ஸிட் ஃபீயைத் தாண்டுதான்னு பார்த்துட்டு மாறுங்க. பிரிட்டன்ல பிளான் முடியுற கடைசி 49 நாள்ல எக்ஸிட் ஃபீ வாங்கக்கூடாதுன்னே ரூல் இருக்கு. முடியுற தேதியை ஃபோன்ல ரிமைண்டர் போட்டு வைங்க, விட்டுட்டா சத்தமில்லாம சாதா ரேட்டுக்குத் தள்ளிடுவாங்க. புது கஸ்டமருக்கு ஒரு ரேட், பல வருஷமா இருக்கிற நமக்கு ஒரு ரேட், ஒரு கண்ணுல வெண்ணெய் இன்னொரு கண்ணுல சுண்ணாம்பு. இதுக்கு மரியாதையா ஒரு வைத்தியம் இருக்கு, வேற கம்பெனி ரேட்டை கையில வெச்சுக்கிட்டு பழைய கம்பெனிக்கே ஃபோன் போட்டு "போகட்டுமா"ன்னு கேளுங்க. சில சமயம் அங்கேயே குறைச்சுடுவாங்க.

கேள்வி: ஒப்பிட்டுக் காட்டுற சைட் எல்லாம் நம்பலாமா?

பாதி நம்பலாம். தனியார் சைட்டுகள்ல நிறைய, நாம மாறினா கம்பெனிகிட்ட கமிஷன் வாங்கும், கமிஷன் குடுக்காத கம்பெனி லிஸ்ட்லயே வராம போகலாம். உங்க நாட்டுல அரசு இல்லைன்னா ரெகுலேட்டர் (இந்தக் கம்பெனிகளைக் கண்காணிக்கிற அமைப்பு) நடத்துற சைட் இருந்தா முதல்ல அதுக்குப் போங்க, ஆஸ்திரேலியாவுல எனர்ஜி மேட் ஈஸி, டெக்சாஸ்ல பவர் டு சூஸ் எல்லாம் அப்படி. எதுல போனாலும் "உங்க வீட்ல எத்தனை பேர்"னு கேட்டு அதுவா யூனிட்டை ஊகிக்க விடாதீங்க, உங்க வருஷ யூனிட்டை நீங்களே டைப் பண்ணுங்க.

கேள்வி: டிவி, சார்ஜர் எல்லாம் பிளக்கைப் பிடுங்கி வெச்சா பில் பாதியாகுமா?

யானைப் பசிக்கு சோளப்பொறி. வருஷம் பூரா 1 வாட் ஓடினா 8.76 யூனிட். 10 வாட் இழுக்கிற பழைய செட் டாப் பாக்ஸ்னா 88 யூனிட் வரும், அதை அணைங்க. சும்மா சொருகி வெச்ச ஃபோன் சார்ஜர் ஒரு வாட் கூட இழுக்காது, அதுக்காக வீட்ல சண்டை வேணாம்.

கேள்வி: பேர் தெரியாத சின்ன கம்பெனிதான் ரொம்ப கம்மி. மாறுற அன்னைக்கு கரண்ட் கட் ஆகுமா, கம்பெனி மூடிட்டா என்ன பண்றது?

கட் ஆகாது. அதே ஒயர், அதே பைப், அதே மீட்டர், பில் அனுப்புற ஆள்தான் மாறுறாரு. கேஸ் லீக், மின்தடைன்னா கூப்பிடுற நம்பர் கூட லைனைப் பராமரிக்கிற கம்பெனியோடதுதான், அது மாறாது. மூடுறது நடக்கும், பிரிட்டன்ல 2021ல கேஸ் விலை ஏறினப்போ சின்ன சின்ன கம்பெனிகள் வரிசையா விழுந்துச்சு, ரெகுலேட்டர் அந்த கஸ்டமர்களை வேற கம்பெனிக்கு மாத்தி விட்டாங்க, யார் வீட்லயும் விளக்கு அணையல, ஆனா அவங்க பிடிச்சு வெச்சிருந்த கம்மி ரேட் போயிடுச்சு. அதனால சின்ன கம்பெனின்னா மாசா மாசம் முன்பணமா நிறைய கட்டி கணக்குல சேர விடாதீங்க. மாறுற அன்னைக்கு மீட்டர் நம்பரும் ரீடிங்கும் தெரியுற மாதிரி ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க. பழைய கம்பெனியோட கடைசி பில்லுல ரீடிங் பக்கத்துல "எஸ்டிமேட்"னு, அதாவது மீட்டரைப் பார்க்காம ஊகிச்சதுன்னு போட்டிருந்தா அந்த ஃபோட்டோவை அனுப்பி திருத்தித் தரச் சொல்லுங்க.