புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா? கடல்மீன் வளர்ப்போருக்குப் பதில்கள்

செந்தூல் (கோலாலம்பூர்) வாசகர்: அண்ணா, என் நீல டாங் மீனின் மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப்புள்ளிகள். பூண்டு கலந்து தீனி போட்டேன். மூன்றாம் நாள் காலையில் ஒன்றுகூட இல்லை. குணமாகிவிட்டதுதானே?

இல்லை தம்பி, பூண்டுக்கு வீண் புகழ். கிரிப்டோகேரியன் என்ற இந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் சில நாள் தின்று கொழுத்துவிட்டுத் தானாகவே உதிரும், அதுவும் பெரும்பாலும் இருட்டில். அதனால்தான் காலையில் மீன் பளிச்சென்று தெரிந்தது. உதிர்ந்தவை மணலிலும் பாறையிலும் ஒட்டிக் கூடு கட்டி, உள்ளேயே பிளந்து பெருகுகின்றன. ஒரு கூட்டிலிருந்து இருநூறு வரைகூட வெளிவரும். அவை ஓரிரு நாளில் மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். உங்கள் தொட்டியில்தான் மீன் காத்திருக்கிறதே! அடுத்த முறை புள்ளிகள் இன்னும் அதிகமாக வரும். இப்போதே எல்லா மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். புள்ளி இல்லாத மீனையும்தான். செவுளுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

செராஸ்: அடுக்குமாடி வீடு, இடம் குறைவு. தனித் தொட்டிக்கு என்னென்ன வேண்டும்?

சிறிய மீன்களுக்கு 60 லிட்டர் கண்ணாடித் தொட்டி போதும். ஸ்பாஞ்ச் பில்டர், ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகள், மேலே மூடி. மணலும் பாறையும் வேண்டாம், மருந்தை உறிஞ்சிவிடும். குளிர்சாதனம் ஓடாத அறையென்றால் நம் ஊர் வெப்பத்துக்கு ஹீட்டரும் வேண்டாம். மீன் கழிவிலிருந்து நீரில் சேரும் நஞ்சான அம்மோனியாவை மட்டும் தினமும் சோதியுங்கள். நோய்க்குத் தப்பிய மீன் அம்மோனியாவில் போவதுதான் பெரிய கொடுமை.

பிரிக்பீல்ட்ஸ்: ஒட்டுண்ணியைக் கொல்லும் செம்பு மருந்தைப் பெரிய தொட்டியிலேயே ஊற்றினால் வேலை மிச்சமாகாதா ஐயா?

ஊற்றினால் பவளம், இறால், நத்தை எல்லாம் செத்துப்போகும். செம்பு தனித் தொட்டிக்கு மட்டுமே. கீலேட் வகையென்றால் (செம்பை வேறொரு சேர்மத்தோடு பிணைத்தது) லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம், 30 நாள். கீலேட் அல்லாத வகைக்கு அளவு மிகக் குறைவு, ஒன்றின் கணக்கை மற்றதற்குப் போட்டால் மீன் பிழைக்காது. இரண்டு மூன்று நாளில் மெல்ல ஏற்றி, சோதனைக் கருவியால் பாருங்கள். இடையில் அளவு இறங்கிவிட்டால் நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அம்மோனியாவைக் கட்டும் மருந்துகளில் சில செம்போடு சேர்ந்தால் நஞ்சாகும். சீட்டைப் படிக்காமல் கலக்காதீர்கள்.

கெப்போங்: மருந்தே இல்லாத வழி உண்டா?

உண்டு. இரண்டு தொட்டிகள் வைத்துக்கொண்டு 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனை மாற்றுங்கள், நான்கு முறை. கூடுகள் பொரிவதற்குள் மீன் இடம் மாறிவிடும். காலி செய்த தொட்டி, வலை, குழாய், ஸ்பாஞ்ச் எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகே மறுபடியும் பயன்பட வேண்டும். ஈர வலை ஒன்று போதும், அத்தனை உழைப்பும் பாழ். ஆனால் மேலெல்லாம் மாவுபோல் மெல்லிய தூசி படிந்து மீன் மூச்சுத் திணறினால் அது வெல்வெட் நோய். அதற்கு இந்த முறை உதவாது, அன்றைக்கே செம்பு.

பத்துமலை: பெரிய தொட்டி எத்தனை நாள் காலியாக இருக்க வேண்டும்? மகள் தினமும் கேட்கிறாள்.

பலரும் கடைப்பிடிப்பது 76 நாள். ஆய்வுக்கூடத்தில் 72 நாள் கழித்துப் பொரிந்த கூடும் உண்டு. பவளமும் இறாலும் அங்கேயே இருக்கட்டும், மீன் மட்டும் கூடாது. மகளுக்காக ஒரே ஒரு கோமாளி மீனை விட்டுவைத்தாலும் ஒட்டுண்ணிக்குச் சாப்பாடு கிடைத்துவிடும். தனித் தொட்டியைக் கூடத்தில் வையுங்கள், அதற்குத் தீனி போடும் வேலையை அவளிடம் கொடுங்கள்.

செந்தூல், மறுபடியும்: சுத்தம் செய்யும் இறால் வாங்கிவிட்டால்?

அழகாக இருக்கும், வாங்குங்கள். தோலுக்கடியில் இருப்பதை அது எட்டாது.