ஏ8-125 என்று தேடினால் இரண்டு விமானங்கள் வரும்

கேள்வி: மெல்பர்னுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஆஸ்திரேலிய விமானப்படையின் பழைய விமானங்களைப் படமெடுத்து, ஒவ்வொன்றின் வரலாற்றையும் பதிவு செய்ய ஆசை. எங்கே தொடங்குவது? அருங்காட்சியகப் பலகையில் உள்ள எண்ணை நம்பலாமா?

சரியான ஊருக்குத்தான் வந்திருக்கிறீர்கள், தம்பி. இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களான விர்ராவே, பூமராங் இரண்டையும் செய்த சி.ஏ.சி. (காமன்வெல்த் ஏர்கிராஃப்ட் கார்ப்பரேஷன்) தொழிற்சாலை இங்கே ஃபிஷர்மன்ஸ் பெண்டில்தான் இருந்தது. மூரபின் அருங்காட்சியகத்தில் ஏ8-328 என்ற எண் கொண்ட போஃபைட்டர் போர் விமானம் நிற்கிறது. பாயின்ட் குக்கில் இருப்பது விமானப்படையின் சொந்த அருங்காட்சியகம். படைத்தளத்துக்குள் இருப்பதால் படம் போட்ட அடையாள அட்டை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பலகை எண்ணை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'ஏ' என்று தொடங்கும் விமானப்படை எண்கள் வெவ்வேறு விமான வகைகளுக்குத் திரும்பத் திரும்பப் பயன்பட்டவை. ஏ8-125 என்றால் போர்க்கால போஃபைட்டரும் வரும், பாயின்ட் குக்கில் நிற்கும் எஃப்-111சி ஜெட் விமானமும் வரும். எண்ணோடு விமான வகையையும் சேர்த்தே எழுதுங்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி கலப்பு. போர் முடிந்ததும் கழித்துக்கட்டிய விமானங்களை விவசாயிகள் டயருக்கும் டேங்குக்கும் போல்ட்டுக்கும் வாங்கினார்கள். குழாய்ச் சட்டகம் கொட்டகைப் பக்கம் துருப்பிடித்துக் கிடந்தது. அப்படிக் கிடந்தவற்றைச் சேர்த்து மீட்ட ஒரு விர்ராவேக்குள் இரண்டு மூன்று விமானங்கள் இருக்கலாம். பூமராங்கே விர்ராவே பாகங்களை வைத்து உருவானது என்பதால், பாக எண்ணை மட்டும் வைத்து எந்த விமானம் என்று சொல்லிவிட முடியாது.

இன்ஜின் மூடித் தகடுகளின் உட்புறத்தையும் சோதனைக் கதவுகளின் பின்புறத்தையும் பாருங்கள். கழற்றிய தகடு வேறு விமானத்துக்குப் போய்விடாமலிருக்க மெக்கானிக்குகள் அங்கே எண்ணை எழுதி வைப்பதுண்டு. அனுமதி வாங்கி, டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் அச்சுக் குத்திய எண் நிழலோடு எழும்பித் தெரியும். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். பெயின்ட்டோடு எழுத்தும் போய்விடும். முழுத் தகடு, எண் இருக்கும் இடம், அளவுகோலோடு எண் என்று மூன்று படம் எடுங்கள். ஒரு கதவில் 45, பக்கத்துக் கதவில் 612 என்றிருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எது சரி என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள். தயாரிப்புத் தகட்டையும் அளவோடு நம்புங்கள், ரிவெட்டைக் கழற்றினால் அது அடுத்த விமானத்துக்குப் போய்விடும்.

அடுத்தது தேசிய ஆவணக் காப்பகம். ஒவ்வொரு விமானத்துக்கும் இருந்த இ/இ.88 நிலை அட்டையைத் தேடுங்கள். அதில் ஒதுக்கிய தேதி வேறு, யூனிட் பெற்றுக்கொண்ட தேதி வேறு. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். பட்டறையில் கிடந்த விமானத்தைப் போர்முனையில் பறக்க விட்டுவிடுவார்கள். ஏ9186 தொகுப்பில் உள்ள யூனிட் வரலாற்றுத் தாள்களோடு தேதியை ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள். அட்டையில் '1 ஏ.டி.' என்றிருந்தால் லேவர்டனில் இருந்த முதலாம் விமான டிப்போ. ஸ்கேன் செய்தவற்றை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம்.

காக்பிட்டில் ஏற விட்டால் ஒரு எச்சரிக்கை: பழைய டயல்களில் இருட்டில் ஒளிரும் பூச்சு ரேடியமாக இருக்கலாம். கண்ணாடி உடைந்த டயலைத் தொடாமல், துடைக்காமல், படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.