நாளிதழை நிறுத்திவிடலாமா?

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே நாளிதழை வாங்கி வருகிறேன். நான் பணியாற்றும் பள்ளியைப் பற்றி அண்மையில் அதில் வந்த செய்தியில் பாதி தவறு. திருத்தமும் வரவில்லை. "பத்திரிகைகள் விளம்பரதாரர்களுக்காக எழுதுகின்றன, எனக்குத் தேவையான செய்தி கைப்பேசியிலேயே கிடைக்கிறது" என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நாளிதழை நிறுத்திவிடலாமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் ஏமாற்றம் நியாயமானது. நன்கு தெரிந்த ஒன்றிலேயே இத்தனை பிழைகள் என்றால், தெரியாதவற்றில் எத்தனை இருக்குமோ என்ற ஐயம் யாருக்கும் எழும். இந்த ஐயம் இணையத்தோடு பிறந்ததும் அன்று. அமெரிக்காவில் காலப் நிறுவனம் நடத்திய கருத்துக் கணிப்புகளில், ஊடகங்கள் மீது பெருமளவிலோ ஓரளவிலோ நம்பிக்கை இருப்பதாகச் சொன்னவர்கள் 1976-இல் 72 சதவீதம், 2004-இல் 44, 2024-இல் 31. சமூக ஊடகங்கள் பரவுவதற்கு முன்பே சரிவின் பெரும்பகுதி நிகழ்ந்துவிட்டது.

இணையம் பறித்தது முதலில் வருவாயைத்தான். வேலை, வாடகை வீடு, பழைய வாகனம் என்று பக்கம் பக்கமாக வந்த வரி விளம்பரங்கள் இணையதளங்களுக்குப் போனபோது, பல செய்தி நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தன. அப்படிப் போனவர்களில், செய்தியை அச்சுக்கு அனுப்பும் முன் பெயரையும் தேதியையும் சரிபார்த்துவந்த துணையாசிரியர்களும் மெய்ப்புத் திருத்துநர்களும் அடக்கம். உங்கள் பள்ளியைப் பற்றிய செய்தியும் இரண்டாவது ஆள் பார்க்காமலே அச்சேறியிருக்கலாம். பிழைக்கு அது காரணமாகலாமே தவிர, திருத்தம் வெளியிடாததற்குச் சமாதானம் ஆகாது.

விளம்பரதாரர்களைப் பற்றி மகள் சொல்வதை நான் முழுவதுமாக மறுக்க மாட்டேன். ஆனால் அவள் கைப்பேசியில் பார்ப்பவற்றில் பெரும்பாலானவையும் விளம்பரத்தால்தான் நடக்கின்றன. அங்கே பார்வையாளரை எவ்வளவு நேரம் நிறுத்திவைக்க முடிகிறது என்பதே பணமாகிறது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 தகவல்களை ஆராய்ந்து அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட கட்டுரை, பொய்த் தகவல் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம் என்று காட்டியது. அதைப் பரப்பியவர்களில் இயந்திரக் கணக்குகளைவிட மனிதர்களுக்கே பங்கு அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே காகிதமா, திரையா என்று கேட்பதைவிட, தவறு நடந்தால் அதை யார் கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடித்தபின் என்ன நடக்கும் என்று கேட்பதே பயன் தரும். ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழில் பரிசுகள் பல பெற்ற செய்தியாளர் கிளாஸ் ரெலோட்டியஸ் கற்பனை மனிதர்களையும் உரையாடல்களையும் செய்தியாக எழுதிவந்ததை, அதே இதழுக்கு எழுதிய ஹுவான் மொரேனோ, ஆசிரியர் குழு முதலில் நம்ப மறுத்தபோதும், தன் முயற்சியில் தடயங்கள் திரட்டி நிறுவினார். 2018 டிசம்பரில் இதழே அந்த மோசடியை வெளியிட்டது. பிரிட்டனில் தொலைபேசிக் குரல்பதிவுகளை ஒட்டுக்கேட்ட நியூஸ் ஆஃப் த வேர்ல்ட் என்ற வாரப் பத்திரிகை 2011-இல் மூடப்பட்டதற்கு, கார்டியன் நாளிதழ் விடாமல் நடத்திய புலனாய்வு முக்கியக் காரணம். இந்தத் தொழிலின் அசிங்கங்களைத் தொழிலில் உள்ளவர்களே தோண்டி எடுத்தார்கள் என்பதைத்தான் நான் அதன் பலமாகக் கருதுகிறேன். பெயரும் முகவரியும் இல்லாமல் குழுக்களில் சுற்றும் ஒரு பதிவு பொய்யென்று தெரிந்தால், பொறுப்பேற்க அங்கே யாரும் இருப்பதில்லை. அதை அனுப்பிய அத்தையோடு சண்டை போடுவதுதான் மிச்சம்.

மகளோடு வாதிட்டு வெல்ல முயல வேண்டாம். அவள் கைப்பேசியில் வந்த செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை முதலில் சொன்னது யார் என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள். அந்தப் பக்கத்திலேயே நின்று அலசாமல், அதை வெளியிட்டவரைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு தளங்களில் பாருங்கள். தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். தேடல் சில நேரம் ஏதோவொரு நாளிதழின் செய்தியாளரிடம் போய் முடியும். சில நேரம், இணையத்தில் மட்டுமே இயங்கும் நேர்மையான சிறு செய்திக் குழு ஒன்றிடம் போய் முடியும். அப்போது மகள் சொல்வதையும் ஒப்புக்கொள்ளுங்கள்.

உங்கள் நாளிதழ் ஆசிரியருக்கு இந்த வாரமே எழுதுங்கள். செய்தி வெளியான தேதி, பக்கம், தவறான வரி, சரியான விவரம், அதற்கான ஆவணத்தின் நகல் ஆகிய இவை மட்டும் போதும். கோபத்தைச் சேர்த்தால் கடிதம் குப்பைக்குப் போகச் சாக்கு கிடைத்துவிடும். திருத்தம் வெளியிட்டால் தொடர்ந்து வாங்குங்கள். ஒரு மாதமாகியும் பதிலே இல்லையென்றால் தயங்காமல் நிறுத்திவிட்டு, அச்சிலோ இணையத்திலோ தன் பிழைகளைத் தானே வெளியிடும் வேறொரு இதழுக்கு அந்தச் சந்தாவைக் கட்டுங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மகளின் கருத்தையும் கேளுங்கள்.