அன்சிபிளில் ஹோஸ்ட் வேரியபிள் என்றால் என்ன?

அன்சிபிள் என்பது பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி. அதில் ஒரு குறிப்பிட்ட சர்வருக்கு மட்டும் உரிய மதிப்பே ஹோஸ்ட் வேரியபிள். இருபது சர்வர்களில் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவை மென்பொருளை நிறுவும் வேலை ஒன்றுதான்; போர்ட் எண் மட்டும் ஒன்றில் 80, இன்னொன்றில் 8080. இதற்காக, செய்ய வேண்டிய வேலைகளை எழுதிவைக்கும் கோப்பான பிளேபுக்கை இருபது நகல் எடுத்தால், ஒரு திருத்தத்துக்கு இருபது இடம் தேட வேண்டும். பட்டவனுக்குத் தெரியும்!

தையற்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சீருடைக்கு வெட்டும் முறை ஒன்று. அளவு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கம்தான் ஹோஸ்ட்_வார்ஸ் கோப்புறையில் சர்வரின் பெயரில் இருக்கும் கோப்பு. சர்வர்களின் பட்டியலான இன்வென்டரியில் உள்ள பெயரோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இல்லையேல் அன்சிபிள் அந்தக் கோப்பைப் படிக்காது, எச்சரிக்கவும் செய்யாது.

சர்வர் குழுவுக்குத் தந்த மதிப்பை ஹோஸ்ட் வேரியபிள் வெல்வதால் எல்லாவற்றையும் வெல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டளை வரியில் கூடுதலாகத் தரும் மதிப்பு இதையும் மீறிவிடும்.