ஆசையாக வாங்கிய நாயை ஏன் ஆறே மாதத்தில் 'இலவசமாகத் தருகிறேன்' என்கிறார்கள்?

வாங்குகிறவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை, கோளாறு குட்டி பிறக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. மொட்டை மாடியில் ரெண்டு கூண்டு வைத்து, பெட்டை ஒவ்வொரு முறை பருவத்துக்கு வரும்போதும் இணை சேர்த்து, ஒரு மாதம் ஆனதும் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்றுவிடுவார்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயும் கூடப் பிறந்ததுகளும்தான் விளையாட்டில் கற்றுக்கொடுக்கும். அது கிடைக்காத குட்டி வீட்டில் எல்லாரையும் கடிக்கும். அப்புறம் 'இலவசமாகத் தருகிறேன்' விளம்பரம்.

இந்தியாவில் நாய் வளர்த்து விற்பவர்களுக்கான 2017 விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. சரி, மாடி ஏறி யார் எண்ணுகிறார்கள்?

இனத் தேர்வும் ஒரு கூத்து. 2003-இல் ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரத்தில் பக் நாய் வந்ததும் எல்லாருக்கும் அது வேண்டும், அந்தச் சப்பை மூக்கு நம் வெயிலில் மூச்சுக்குத் திணறும் என்று விற்றவர் சொல்லியிருப்பாரா? இப்போது ஹஸ்கி. பனியில் வண்டி இழுக்க வளர்த்த இனம், சென்னை ஃபிளாட்டில் ஏசிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறது.

எங்கள் தெருவுக்குப் பல கை மாறி வந்த லாப்ரடார் ஒன்று, வீட்டுக்கொரு பெயர் வைத்ததால் எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பாது, சோற்றில் பாதியை மிதியடிக்குக் கீழே தள்ளி ஒளித்துவைக்கும், யாராவது பெட்டியை எடுத்தால் கட்டிலுக்கடியில் போய்விடும்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். 'அது ஊரில் இருக்கு சார்' என்றால் கிளம்பிவிடுங்கள்.