வரிசை மாறி வரும் விடை: வியாசர்பாடி மாணவருக்குப் பதில்

வியாசர்பாடியிலிருந்து எழுதியிருக்கும் பி.சி.ஏ. மூன்றாம் ஆண்டு மாணவருக்கு,

கோ என்ற நிரல்மொழியில் பத்து கோரூட்டீன்களை (ஒரே சமயத்தில் தனித்தனியே ஓடும் சிறு பணிகளை) தொடங்கி 0 முதல் 9 வரை எண்களை அச்சிட்டால் ஒவ்வொரு முறையும் வரிசை மாறுகிறது, இடையில் ஸ்லீப் (சற்று நேரம் உறங்கவைக்கும் கட்டளை) சேர்த்தால் சரியாகிறது, நேர்முகத் தேர்வில் காரணம் சொல்லத் தெரியவில்லை, ஆகவே இத்துறை தமக்கு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஒத்துவரும். அந்த வரிசைக்கு மொழி எந்த உத்தரவாதமும் தரவில்லை என்பதே நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

எது எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் கோ மொழியின் ஷெட்யூலர், ஆயிரக்கணக்கான கோரூட்டீன்களை இயங்குதளம் தரும் சில த்ரெட்களில் (இயக்க இழைகளில்) மாற்றி மாற்றி ஏற்றி ஓட்டுகிறது. 2015இல் வந்த 1.5 பதிப்பிலிருந்து, கணினியின் செயலியில் எத்தனை கோர் (கணக்கிடும் அலகு) உண்டோ அத்தனை கோரூட்டீன்கள் ஒரே நேரத்தில் ஓடலாம் என்பதே இயல்பு அமைப்பு. கல்லூரி ஆய்வகத்தில் ஒன்றும் வீட்டு மடிக்கணினியில் வேறொன்றும் வருவதில் வியப்பில்லை.

அந்த எண்ணிக்கையைக் குறிக்கும் கோமேக்ஸ்பிராக்ஸ் அமைப்பை 1 என வைத்து, எல்லாம் முடியும்வரை காத்திருக்கச் செய்யும் வெயிட்குரூப்புடன் அதே நிரலை ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் 9 வரும், பிறகு 0 முதல் 8 வரை வரும். புதிதாகப் பிறந்த கோரூட்டீன் 'அடுத்து ஓடுவது' என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்ததை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவதே காரணம். இதை விளக்கத் தெரிந்தால் போதும். இதை நம்பி நிரல் எழுதக் கூடாது, ஏனெனில் இது இன்றைய செயலாக்கத்தின் பழக்கமே தவிர மொழியின் விதியன்று.

ஸ்லீப்பும் அப்படித்தான். பத்து மில்லிவினாடி என்று எழுதினால் குறைந்தது அவ்வளவு நேரம் உறங்கும் என்றுதான் பொருள். எழுந்தவுடன் இடம் கிடைக்கும் என்பதில்லை. வேலை முடியும்வரை காத்திருக்க வெயிட்குரூப்பையும், வரிசை தேவையென்றால் கோரூட்டீன்களுக்கிடையே தரவை அனுப்பும் சேனலையோ, ஒவ்வொரு கோரூட்டீனும் தன் எண்ணுக்குரிய இடத்தில் விடையை எழுதும் ஸ்லைஸையோ (பட்டியலையோ) பயன்படுத்துங்கள். பிறகு, ஒரே தரவில் கோரூட்டீன்கள் மோதிக்கொள்வதைக் கண்டுபிடிக்கும் ரேஸ் டிடெக்டரை இயக்கி ஒருமுறை ஓட்டிவிடுங்கள். புதியவர்களில் பலர் இதைச் செய்வதேயில்லை.

1.14 பதிப்புக்கு முன் (அது 2020இல் வந்தது), உள்ளே எந்தச் செயற்கூற்று அழைப்பும் இல்லாத முடிவிலா லூப் ஒன்று தன் த்ரெட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும்; இப்போது சுமார் பத்து மில்லிவினாடிக்குமேல் ஓடுவதை, நிரலோடு சேர்ந்து ஓடி அதை நிர்வகிக்கும் ரன்டைமே இடைநிறுத்தும். இதையும் கேட்பார்கள்.

அண்ணா நகரில் பணம் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேரலாமா என்கிறீர்கள். வேண்டாம், மொழியின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலேயே இலவசப் பயிற்சி இருக்கிறது. மென்பொருளைக் கொள்கலன்களாகக் கட்டி ஓட்டும் டாக்கரும், அவற்றை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸும் கோ மொழியில் எழுதப்பட்டவை என்பதால் பேக்எண்ட் (சேவையகப் பக்க) வேலைகளில் இதற்கு மதிப்புண்டு. ஆனால் ஜாவாவைக் கைவிட்டுவிடாதீர்கள்: வளாகத் தேர்வுக்கு அதுவே பெரிதும் உதவும், அங்கும் த்ரெட்களைப் பற்றி இதே கேள்விகள்தான் வரும்.